வழிகாட்டி நாயை வாசலில் நிறுத்தாதீர்கள்: பிரித்தானியத் தமிழ்க் கோயில் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒரு சபை எடுத்த தீர்மானம் மின்னஞ்சலில் எனக்கு வந்தது. ஆலயத்தின் புனிதம் கருதி, வழிகாட்டி நாய்கள் உட்பட எந்த நாயும் வளாகத்துக்குள் அனுமதிக்கப்படாது என்று அதில் இருந்தது. வளாகம் என்றால் எது என்பதையும் விளக்கியிருந்தார்கள்: கல்யாண மண்டபம், அன்னதானக் கூடம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் அறைகள், வாகனத் தரிப்பிடம், எல்லாம். கடைசியில் ஓர் ஆலோசனை. நாயைக் காரில் விட்டுவிட்டு வரலாம், இல்லையென்றால் உறவினர் யாரையாவது கூட்டிக்கொண்டு வரலாம்.

கண் தெரியாத ஒருத்தியிடம் நாயைக் காரில் விட்டுவிட்டு வா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வருவது யார் என்று கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கோயிலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு கோயிலின் பிரச்சினை என்றால் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் எழுதிவிட்டு இருந்திருப்பேன். லண்டனில் நான் போன வேறு கோயில்களிலும், நம்மவர்களின் மண்டபங்களிலும், சாப்பாட்டுக் கடைகளிலும் இதே பதிலைத்தான் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன். அதனால் எல்லோரும் வாசிக்கும்படியாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். சின்ன வயதில் பொழுதுபட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. மாலைக்கண் என்றார்கள். பொன்னாங்காணி சாப்பிடு, முருங்கையிலை சாப்பிடு, கரட் சாப்பிடு என்றார்கள், எல்லாம் சாப்பிட்டேன். இங்கே வந்து கண் வைத்தியசாலையில் காட்டிய பிறகுதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பெயர் தெரிந்தது. விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகிற பரம்பரை நோய் அது. முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை ஓரங்களில் இருந்து குறைந்துகொண்டே வரும். பெரும்பாலானவர்களுக்கு மருந்து கொடுத்து நிறுத்த வழியில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற சமூகங்களில் இது வருவதற்கு வாய்ப்புக் கூட. நம் சமூகம் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே உங்கள் கோயிலுக்கு வருகிற குடும்பங்களிலும் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கமாட்டீர்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

வெள்ளைப் பிரம்போடு பல வருடங்கள் நடந்தேன். பிரம்பு நல்ல கருவிதான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது தட்டிய பிறகுதான் அங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லும். கடைக்கு முன்னால் நீட்டி வைத்த பலகை, நடைபாதையில் ஏற்றி நிறுத்திய வான், குப்பைத் தொட்டி, முக உயரத்தில் தொங்குகிற மரக்கிளை. கிளையைப் பிரம்பு சொல்லவே சொல்லாது. அப்புறம்தான் வழிகாட்டி நாய்க்கு விண்ணப்பித்தேன். நீண்ட காலம் காத்திருந்து கிடைத்தது.

நாய்க்கு வழியெல்லாம் தெரியும், அது என்னைக் கூட்டிக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வழி தெரிந்திருக்கவேண்டியது எனக்கு. எத்தனையாவது சந்தியில் திரும்புவது, எந்தப் பக்கம் கடப்பது என்பதை நான் மனதில் வைத்திருந்து சொல்லவேண்டும். நாய் செய்வது அந்த வழியில் என்னை எதிலும் இடிபடாமல் கொண்டுபோவது. நடைபாதை முடிகிற இடத்தில் நிற்கும். படிக்கட்டு வந்தால் நிற்கும். என் தோளுக்கும் சேர்த்து இடம் பார்த்து விலகும். கதவைத் தேடு என்றால் கதவுக்குக் கொண்டுபோகும், இருக்கையைத் தேடு என்றால் வெறுமையாக உள்ள இருக்கைக்கு. சிவப்பு, பச்சை விளக்கெல்லாம் அது பார்ப்பதில்லை. வீதியைக் கடக்கலாமா என்று காதால் கேட்டுத் தீர்மானிப்பது நான். ஆனால் நான் 'போ' என்று சொல்லியும், சத்தமில்லாமல் வரும் வண்டி ஒன்றைக் கண்டுவிட்டால் அசையாமல் நிற்கும். சொன்னதைக் கேட்காமல் இருக்கவும் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். என் வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் சலுகை இல்லை.

அதன் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு வீதியில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது தலையைத் திருப்பும், நான் எதிலாவது மோதுவேன்.

சரி, உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன். அதில் மூன்று காரணங்கள் இருந்தன: சுத்தம், பக்தர்களின் பயம், ஆசாரம்.

சுத்தம் பற்றி. என் நாயை நான் தினமும் சீவித் துடைக்கிறேன். தடுப்பூசி, பூச்சி மருந்து, மிருக வைத்தியரின் பரிசோதனை எல்லாம் காலம் தவறாமல் நடக்கும், அதற்குக் கணக்கும் இருக்கிறது. மலசலம் கழிப்பதுகூடக் கட்டளைக்குத்தான். இங்கே வழிகாட்டி நாய்களுக்கு அதற்கென்று குட்டியிலேயே 'பிசி பிசி' என்ற சொல்லைப் பழக்குவார்கள். வெளிக்கிடுவதற்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பட்டையைப் பூட்டுவேன். நிலத்தில் கிடக்கும் சாப்பாட்டை எடுக்கக்கூடாது, குரைக்கக்கூடாது, ஆட்கள் மேல் பாயக்கூடாது, நான் இருந்தால் காலடியில் படுத்திருக்கவேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் நம் பிள்ளைகள் நடந்துகொள்வதை விட அது நன்றாக நடந்துகொள்ளும். இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

தெருவில் மிதித்த கால் என்றால், அது உண்மை. ஆனால் சக்கர நாற்காலியின் சில்லுகளும் பிள்ளைத் தள்ளுவண்டியின் சில்லுகளும் அதே தெருவில் உருண்டுதான் வருகின்றன. துணியால் துடைத்து உள்ளே விடுகிறீர்கள், அது சரியான செயல். நாயின் நான்கு கால்களையும் துடைக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். துணியும் நானே கொண்டுவருகிறேன்.

பயம் பற்றி நான் இலேசாகப் பேசமாட்டேன். ஊரில் விசர்நாய்க்கடியைக் கண்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியைச் சொல்லித்தான் எங்களைத் தெருநாயிடம் போகாமல் தடுத்தார்கள். அம்மம்மாக்களுக்கு இந்த வயதில் அந்தப் பயம் போகாது, போகவேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவும் முடியாது. பயப்படுகிறவர்களை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் இருக்க எனக்குச் சம்மதம். எந்த மூலை என்று யாராவது சொன்னால் போதும். ஒருவருக்குப் பயம் என்பதற்காக இன்னொருவர் தரிப்பிடத்துக்குள்ளும் வரக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது ஆசாரம். எனக்கு ஆதரவாகப் பேச வருகிறவர்கள் உடனே வைரவரை இழுக்கிறார்கள். வைரவருக்கு வாகனமே நாய்தானே, வடைமாலை சாத்தும்போது பக்கத்தில் நிற்பது எது என்கிறார்கள். தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற கதையும் வரும். நல்ல மனதோடு சொல்கிறார்கள், ஆனால் இந்த வாதம் எனக்கு வேண்டாம். வாகனம் என்ற கணக்கில் உள்ளே விடச் சொன்னால், மயிலையும் எலியையும் விடுவதா என்று சபையில் ஒருவர் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள், கூட்டம் முடிந்துவிடும். என் நாய் தெய்வாம்சம் உள்ளது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் நான் தனியாக வர முடியாது, விடயம் அவ்வளவுதான்.

மூலஸ்தானத்துக்கு முன்னால் நாய் நிற்கவேண்டும் என்று நான் எப்போதும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. தேர்த் திருவிழாவுக்கு என் நாயைக் கொண்டுவரவே மாட்டேன். அத்தனை சனம், உடைந்த தேங்காய்ச் சிரட்டைகள், தவில் சத்தம், நெரிசலில் அதன் கால் மிதிபடும். நீங்கள் விட்டாலும் நான் விடமாட்டேன். நான் கேட்பது சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயிலுக்கு வருவதை. என் தங்கையின் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபத்துக்கு வருவதை. அன்னதானக் கூடத்தில் எல்லோரோடும் இருந்து சாப்பிட்டுவிட்டு நாலு பேரோடு தமிழில் கதைப்பதை.

இந்த நாட்டில் நம் கோயில்கள் பல பழைய தேவாலயக் கட்டடங்களிலும் பண்டகசாலைகளிலும் தொடங்கியவை. குளிருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கூரைக்குள் அடக்கினோம். பள்ளி விடுமுறையைப் பார்த்துத் திருவிழா வைக்கிறோம். மாநகர சபையிடமும் பொலிஸிடமும் கேட்டுத்தான் தேரை வீதிக்கு இழுக்கிறோம். இவ்வளவுக்கும் இடம் கொடுத்த ஆசாரம், அன்னதானக் கூடத்தின் ஒரு மேசைக்கு அடியில் படுத்திருக்கும் நாய்க்கு இடம் கொடுக்காதா?

மற்ற மதத்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். இஸ்லாத்தில் நாயின் எச்சில் பற்றி நம்மை விடக் கடுமையான பார்வை உண்டு. ஆனாலும் 2008இல் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளிவாசல், பார்வையற்ற ஓர் இளைஞர் தன் வழிகாட்டி நாயோடு வருவதற்கு இடம் கொடுத்தது. மார்க்க அறிஞர்களிடம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கலாம் என்று சொன்ன பிறகு, நாய் இருப்பதற்கென்று ஓர் இடத்தை வாசல் பக்கம் ஒதுக்கினார்கள். அவர் தொழுதுவிட்டு வரும்வரை நாய் அங்கே இருக்கும். தொழுகை மண்டபத்துக்குள் நாய் போகவில்லை, அவரும் வீட்டில் இருந்துவிடவில்லை. நான் உங்களிடம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய அதேதான்.

உங்கள் கடிதத்தில் 'உறவினர் யாரையாவது' என்று எழுதியது யார் என்று தெரியாது, ஆனால் அவருக்கு ஒன்று சொல்லவேண்டும். உறவினருக்கு வேலை இருக்கும், பிள்ளைகள் இருக்கும். அவர்களுக்கு வசதியான நாளில், அவர்களுக்கு வசதியான நேரத்தில், அவர்கள் போகலாம் என்று சொல்லும்வரைதான் நான் கோயிலில் இருக்கலாம். ஒருமுறை வாசலில் நின்றபோது ஓர் அம்மா, என் காதில் விழும் என்று யோசிக்காமலோ யோசித்தோ, "கண் தெரியாத பிள்ளை வீட்டில் இருந்து கும்பிடலாம்தானே" என்றார். கும்பிடலாம். வீட்டில் சுவாமிப்படம் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் வீட்டிலும் சுவாமிப்படம் இருக்கும், அவர் ஏன் கோயிலுக்கு வந்தார்?

இனி, இந்த நாய் எப்படி என் கைக்கு வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். நீங்கள் வாசலில் நிறுத்தும்போது என்னை மட்டும் நிறுத்தவில்லை.

வழிகாட்டி நாய்ப் பயிற்சி முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக ஜெர்மனியில் தொடங்கியது. 1916இல் ஓல்டன்பூர்க் நகரில் முதல் பள்ளி வந்தது. பிரித்தானியாவில் 1931இல், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி என்ற ஊரில், மியூரியல் குரூக், ரோசமண்ட் பொண்ட் என்ற இரண்டு பெண்கள் வாடகைக்கு எடுத்த ஒரு கராஜில் வைத்து முதல் நான்கு நாய்களைப் பயிற்றுவித்தார்கள். ஜூடி, ஃபிளாஷ், ஃபொலி, மெட்டா என்பவை அவை. அதில் இருந்து வளர்ந்ததுதான் 1934இல் அமைந்த வழிகாட்டி நாய்கள் சங்கம். அரசாங்கம் தொடங்கியதல்ல. இன்றைக்கும் பெரும்பாலும் சாதாரண மக்களின் நன்கொடையிலும், இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்த பணத்திலும்தான் நடக்கிறது. நாயைப் பெறுகிறவரிடம் பெயருக்கு 50 பென்ஸ் வாங்குவது அவர்களின் நெடுங்கால வழக்கம்.

குட்டிகளைத் தொண்டர்களின் வீடுகளில் விட்டு வளர்க்கும் முறை 1956இல் வந்தது. குட்டி எட்டுக் கிழமை அளவில் ஒரு தொண்டரின் வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு வருடமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும். சாப்பாட்டுச் செலவும் வைத்தியச் செலவும் சங்கத்தினுடையது, உழைப்பு முழுவதும் தொண்டருடையது. இரவில் எழும்பி வெளியே கொண்டுபோகவேண்டும். பேருந்து, ரயில், தானியங்கிக் கதவு, சந்தை, வைத்தியசாலை என்று எல்லா இடமும் காட்டிப் பயம் தெளிவிக்கவேண்டும். கோழித்துண்டு கிடந்தாலும் முகராமல் போகப் பழக்கவேண்டும். கடித்த சப்பாத்துகளைப் பற்றிக் கேட்டால் அவர்கள் தனியாக ஒரு மடல் எழுதுவார்கள்.

பிறகு ஒருநாள் அந்த நாயைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது பயிற்சிக்குப் போகும். பயிற்சிக் காலத்திலும் மாலையில் வேறொரு தொண்டரின் வீட்டில்தான் படுக்கும். எல்லாம் சரிவந்தால் ஏறக்குறைய 2 வயதில் என்னைப் போன்ற ஒருத்தியோடு சேர்ப்பார்கள். அதுவும் கண்டபடி இல்லை. நான் எவ்வளவு வேகமாக நடப்பேன், என் உயரம் என்ன, எப்படிப்பட்ட இடத்தில் வசிக்கிறேன் என்றெல்லாம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். எல்லா நாயும் தேறாது. தேறிய நாயும் பத்து வயதை ஒட்டி ஓய்வுபெறும், அப்போதும் அதற்கு ஒரு வீடு வேண்டும். கொரோனாக் காலத்தில் குட்டி ஈனவைக்கும் வேலை சில மாதங்கள் நின்றுபோனதால் காத்திருக்கும் காலம் இன்னும் நீண்டது. தொண்டர் இல்லாமல் இதில் ஒரு படியும் நகராது.

என் நாயை வளர்த்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயப் பெண். என்னை முன்பின் தெரியாது. என் பெயரை உச்சரிக்க இன்றைக்கும் கஷ்டப்படுவார். நத்தாருக்கு எனக்கும் நாய்க்கும் தனித்தனியாக அட்டை அனுப்புவார். அவர் ஒரு வருடத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் அந்தக் குட்டியோடு நடந்தது, யாரோ ஒருவர் தான் விரும்பிய இடத்துக்குத் தானாகப் போகவேண்டும் என்பதற்காக. நான் விரும்பிய இடம் கோயில். உள்ளே விட்டார்களா என்று அவர் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். நம் ஆட்களை அவரிடம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நம் சமூகத்திலும் தொண்டர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இப்போது ஒரு குட்டியை வளர்க்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்தாள். தாய் முதலில் வீட்டில் துடக்கு, விரதம் எல்லாம் எப்படிப் பார்ப்பது என்று கவலைப்பட்டார். இப்போது குட்டிக்கு முதலில் சாப்பாடு வைப்பவர் அவர்தான். அந்தப் பிள்ளை குட்டியைக் கூட்டத்துக்குப் பழக்குவதற்காக, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, ஒரு தமிழ் மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். வாசலில் நின்றவர் எல்லோருக்கும் முன்னால், "வெள்ளைக்காரர் பழக்கத்தையெல்லாம் இங்கே கொண்டுவராதே" என்று ஏசி அனுப்பினார்.

சட்டப்படி பார்த்தால், இங்கிலாந்தில் பயிற்சிக் குட்டிக்கு, வளர்ந்த உதவி நாய்க்கு (வழிகாட்டி நாய் போல, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழகிய நாய்க்கு) உள்ள அளவு உரிமை இல்லை. குட்டிகளை உள்ளே விடுவது கடைக்காரர்களின் நல்ல மனதில்தான் தங்கியிருக்கிறது. பல்பொருள் அங்காடிகள் விடுகின்றன, நூலகங்கள் விடுகின்றன. நம்மவர்கள்தான் ஏசி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை இனி ஒரு தமிழ் இடத்துக்கும் அந்தக் குட்டியைக் கொண்டுபோகமாட்டாள். விளைவு என்ன? குட்டி சாம்பிராணி வாசத்தையும் நாதஸ்வரச் சத்தத்தையும் அறியாமல் வளரும். நாளைக்கு ஒரு தமிழருக்கு அது கிடைத்தால் அவருக்குத்தான் கஷ்டம்.

வளர்ந்த நாய்க்கு வருவோம். அங்கே நல்ல மனதைப் பற்றிய பேச்சே இல்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, பொதுமக்களுக்குச் சேவை கொடுக்கிற எவரும் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்யவேண்டும். நாய்களுக்கு அனுமதியில்லை என்ற விதி இருந்தால் உதவி நாய்க்கு அதைத் தளர்த்துவது அப்படிப்பட்ட ஒரு மாற்றம். மத நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை மாற்றுத்திறனாளிகளை ஒதுக்குவதற்காகக் கொடுக்கப்பட்டவை இல்லை. எந்த மாற்றம் நியாயமானது என்பதை இடத்தையும் சூழலையும் பார்த்துத் தீர்மானிக்கலாம். கருவறைக்கு முன்னால் என்றால் நாம் இருந்து பேசலாம். வாகனத் தரிப்பிடம் எப்படிப் புனிதம் என்று எந்த நீதிபதிக்கு விளங்கப்படுத்துவீர்கள்?

இன்னொன்று. உங்களில் பலர் பதிவுசெய்யப்பட்ட தொண்டு நிறுவனங்கள். நான் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் கிஃப்ட் எய்ட் என்று அரசிடம் இருந்து 25 பென்ஸ் வாங்குகிறீர்கள். அந்தப் படிவத்தில் என் கையெழுத்து எங்கே வரவேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டினீர்கள். அந்த இடத்தில் என் கண் உங்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

உணவக உரிமையாளர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுகாதார அதிகாரி வந்தால் கடையை மூடிவிடுவார் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். மூடமாட்டார். சமையல் நடக்கிற இடத்துக்குள் நாய் போகக்கூடாது, எனக்கும் அங்கே வேலையில்லை. ஆட்கள் இருந்து சாப்பிடும் இடத்துக்குள் உதவி நாயை விடுவதைத் தடுக்கிற சுகாதாரச் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை. தை மாதக் குளிரில் "வெளியிலும் மேசை இருக்கு அக்கா, அங்கே இருங்கோவன்" என்று அன்பாகத்தான் சொன்னான் ஒரு தம்பி. அன்பாகச் சொன்னாலும் குளிர் குளிர்தான்.

மினிகாப் ஓட்டுகிற தம்பிமார், உங்களுக்கு இது இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. உதவி நாயை ஏற்ற மறுத்தாலோ மேலதிகக் காசு கேட்டாலோ 1,000 பவுண் வரை அபராதம். ஒவ்வாமை இருந்தால் மருத்துவச் சான்று காட்டி உரிமம் வழங்கும் சபையிடம் விலக்குப் பெறவேண்டும். 'கார் புதுசு' என்பது அந்தச் சபை ஏற்றுக்கொள்கிற நோயாக எனக்குத் தெரியவில்லை.

நான் கண் தெரியாதவள் என்பதால் வழிகாட்டி நாயைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன். உங்கள் வாசலுக்கு நாளைக்கு வேறு நாய்களும் வரும். கருஞ்சிவப்பு மேலாடை போட்ட நாய் காது கேளாத ஒருவருக்கு மணிச் சத்தத்தையும் தீ எச்சரிக்கையையும் தொட்டுச் சொல்லும். கத்தரிப்பூ நிற மேலாடை என்றால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு விழுந்த திறப்பை எடுத்துக் கொடுக்கும், கதவைத் திறக்கும். சர்க்கரை திடீரென்று இறங்குவதை மணத்தாலேயே அறிந்து எச்சரிக்கும் நாய்களும் உண்டு. சலரோகம் இல்லாத தமிழ் வீடு எது என்று தேடவேண்டிய சமூகத்தில் அதை நான் விளக்கத் தேவையில்லை. இவர்களில் பலரைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. "உங்களுக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று வாசலில் நிற்பவர் கேட்பார். அட்டையைக் காட்டு என்பார். இந்த நாட்டில் அப்படி ஓர் அட்டையைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சங்கங்கள் கொடுத்த அடையாளப் புத்தகம் இருப்பவர்கள் காட்டுவார்கள், தானே பயிற்றுவித்தவரிடம் அது இருக்காது. நாய் எந்த வேலைக்குப் பழகியது என்று மரியாதையாகக் கேட்கலாம். அது குழப்படி செய்தால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

என் கோரிக்கைகள் இவை. முதலாவது, அந்தத் தீர்மானத்தைச் சபை கூடி மீளப்பெறவேண்டும். மண்டபம், அன்னதானக் கூடம், வகுப்பறை, அலுவலகம், தரிப்பிடம் எல்லாவற்றிலும் உதவி நாய்க்கு அனுமதி உண்டு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம். வாசலில் நிற்கும் தொண்டர் கிழமைக்குக் கிழமை மாறுகிறார், ஒவ்வொருவரோடும் புதிதாக வாதாட என்னால் முடியாது.

சுவாமி தரிசனத்துக்கு, நாய் எந்த இடம் வரை வரலாம் என்பதை ஐயரோடும் என்னைப் போன்றவர்களோடும் சேர்ந்திருந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் சனம் மிதிக்காத ஒரு மூலை, ஒரு பாய், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் போதும். அங்கிருந்து என்னை உள்ளே கூட்டிப்போக ஒருவர் வேண்டும். உங்களிடம் எத்தனையோ இளம் தொண்டர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றவருக்குத் துணையாக நடப்பது எப்படி என்று வழிகாட்டி நாய்கள் சங்கமே பயிற்சி கொடுக்கிறது. அவர்களை அழைத்து ஒரு பயிற்சி வையுங்கள். என் தோளைப் பிடித்துத் தள்ளக்கூடாது, தங்கள் முழங்கையைத் தந்தால் நான் பிடித்துக்கொண்டு வருவேன் என்பதை அங்கே கற்றுக்கொள்வார்கள். வேலை செய்கிற நாயைத் தடவக்கூடாது, கூப்பிடக்கூடாது என்பதையும்.

சாப்பாடு கொடுக்கவே கூடாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், நம் ஆட்களின் அன்பு எப்போதும் சாப்பாடாகத்தான் வரும். கேசரியிலும் பாயசத்திலும் இருக்கும் முந்திரிகை வத்தல், அதாவது உலர்ந்த திராட்சை, நாய்க்கு நஞ்சு, சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். வெங்காயமும் சொக்கலேட்டும் ஆகாது.

பயிற்சிக் குட்டிகளோடு வரும் தொண்டர்களுக்கு, கூட்டம் குறைந்த நாளில் மண்டபத்துக்குள் வர அனுமதி கொடுங்கள். இதைச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். ஏசி அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளையிடம் மண்டப நிர்வாகம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்திலும் உதவி நாய் பற்றி ஒரு வரி சேருங்கள். அப்போதுதான் என் தங்கை அழைப்பிதழ் அடிக்கும்போது எனக்குத் தனியாக விளக்கம் சொல்லவேண்டி வராது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எனக்குத் திகதியை அறிவியுங்கள். வந்து பேசுகிறேன். நாயும் வரும். இரண்டு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டால் சமத்துவச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன். நம் கோயிலுக்கு எதிராக அப்படி ஒன்றைச் செய்ய எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் செய்வேன்.

பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகத் தட்டச்சுச் செய்து அனுப்புங்கள். சென்ற முறை போலக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பவேண்டாம். படத்தில் உள்ள தமிழை என் கைபேசி ஒழுங்காக வாசிக்காது.

இப்படிக்கு,
வழிகாட்டி நாயோடு வரும் ஒரு பக்தை
லண்டன்